ஓரத்தில் இருந்த அளவுகோல்

தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் மண்டையோட்டின் எக்ஸ்ரே படத்தைக் குறித்து எழுதப் புகுவது நண்பர் சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். இலக்கணத்தையும் உரைகளையும் ஆராய வேண்டியவன் பல் மருத்துவர்க்குரிய பொருளில் தலையிடுதல் எற்றுக்கு என்று வினவுவாரும் உளராவர். அன்னார்க்கு யான் சொல்லத்தக்க விடை ஒன்றே. யான் விரும்பி அப்பொருளில் தலையிட்டேன் அல்லேன். பிழையொன்று செய்து அதனுள் அகப்பட்டேன். அப்பிழையினால் எங்கள் வீட்டார் பன்னிரண்டு நாள் வீணே துயருற்றனர். அந்நாட்களில் யான் கற்றுக்கொண்ட சிலவற்றை, என்போன்று படங்களைக் கைப்பேசியில் அனுப்பிப் பழகிய நண்பர்கட்குப் பயன்படுதல் கூடும் என்னும் எண்ணத்தால் ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

என் தங்கைக்கு இப்போது வயது பதினாறு. அவளுக்குக் கீழ்த்தாடை மேல்தாடையைக் காட்டிலும் சிறிது முன்வந்து நிற்கும். வாயை மூடினால் கீழ் முன்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே வந்து பொருந்தும். சிறு வயதில் இதனை எவரும் பொருட்படுத்தவில்லை. பதின்மூன்று வயதிற்குப் பின்னரோ அவள் வாய்விட்டு நகைப்பதே அரிதாயிற்று. ஆலயப் பாடற்குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவள் பின்வரிசைக்குச் சென்றாள். பாட்டுப் புத்தகத்தை முகத்திற்கு நேராக உயர்த்திப் பிடிக்கத் தொடங்கினாள். இதனை முதலில் கண்டவர் எங்கள் அன்னையார். கண்டவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரமே அவளை நகரத்திலுள்ள பற்சீரமைப்பு மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். அப்போது அவளுக்கு வயது பதினான்கு.

அம்மருத்துவர் ஆண்டு பல இத்தொழிலில் பழகிய ஒரு பெண்மணியார். பல்லுக்குக் கிளிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உறவினர் கூறியதை நம்பிச் சென்ற எங்களுக்கு, அவர் பொறுமையுடன் எடுத்துரைத்ததன் சாரம் இது. கீழ்த்தாடை எலும்பு முகத்தின் ஏனை எலும்புகளைக் காட்டிலும் நெடுநாள் வளர்வது. அவ்வளர்ச்சி ஏறத்தாழ முடிந்துவிட்டதாயின், சிறிதளவு வேறுபாட்டைப் பற்களை மட்டும் நகர்த்தி மறைத்துவிடலாம். வளர்ச்சி இன்னும் மிகுதியாக எஞ்சியிருப்பின், இன்று நேராக்கிய பற்களை நாளைய வளர்ச்சி குலைத்துவிடும். அந்நிலையில் வளர்ச்சி ஓயும்வரை காத்திருந்து, பின்னர்த் தாடை எலும்பை அறுத்துப் பொருத்தும் சிகிச்சையை மேற்கொள்ள நேரலாம். இரண்டனுள் எது என்பதை அறிய, தலையைப் பக்கவாட்டில் காட்டும் எக்ஸ்ரே படம் ஒன்றை உடனே எடுக்க வேண்டும். ஓராண்டு கழித்து மற்றொன்று எடுத்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

முதற்படம் அம்மருத்துவமனையிலேயே எடுக்கப்பட்டது. ஓராண்டு சென்றது. யான் விடுமுறைக்கு ஊர் வந்திருந்த சமயம் இரண்டாம் படம் எடுக்க வேண்டியதாயிற்று. நகரம் எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் நான்கு மணி நேரத் தொலைவு. ஆதலின் எங்கள் ஊர்க்கு அணித்தான ஓர் எக்ஸ்ரே நிலையத்தில் படம் எடுத்து அனுப்பினாற் போதும் என்று மருத்துவமனையார் இசைந்தனர். தங்கையுடன் யானே சென்றேன்.

அப்படம் எடுக்கும் முறை யான் அதுகாறும் காணாதது. கருவியின் மேற்புறத்திலிருந்து இரண்டு சிறு கோல்கள் கீழ்நோக்கித் தொங்கின. அவற்றின் முனைகளை அவளுடைய இரு செவித்துளைகளிலும் மெல்லப் பொருத்தினர். மூன்றாவது கோல் ஒன்று மூக்கின் அடியும் நெற்றியும் கூடுமிடத்தில் வந்து தாங்கியது. தலை இப்புறமும் அப்புறமும் சாயாதிருத்தற்கு இவ்வேற்பாடு. மூக்கைத் தாங்கிய அக்கோலில் கோடுகள் இட்ட சிறு உலோக அளவுகோல் ஒன்று செங்குத்தாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதன் பயனை யான் அன்று வினவவில்லை. “அண்ணா, நான் சிலை போல நிற்கின்றேனா?” என்று உதடு அசையாமல் அவள் கேட்டதும், பணியாளர் அவளை அதட்டியதும் மட்டுமே அன்று என் நினைவில் நின்றன.

மாலையில் படம் மின்னஞ்சலில் வந்தது. கரிய பின்னணியில் என் தங்கையின் மண்டையோடு வெண்மையாகத் தோன்றியது. முகத்திற்கு முன்னே, படத்தின் ஓரத்தில், ஏணியின் படிகள் போன்று சில வெண்கோடுகள். மேலே எழுத்துகளும் எண்களும். கீழே கழுத்தெலும்புகள் சில. இவையெல்லாம் வேண்டாதவை என்று யான் கருதினேன். முகம் மட்டும் நடுவில் விளங்குமாறு நாற்புறத்தையும் கைப்பேசியில் வெட்டி, அழகுற அமைத்து, செய்தியனுப்பும் செயலி ஒன்றின் வாயிலாக மருத்துவமனைக்கு அனுப்பினேன். மருத்துவர்க்கு வேலை எளிதாகும் என்று எனக்குள் சிறிது பெருமையும் இருந்தது.

மூன்றாம் நாள் அங்கிருந்து அளவைப் பட்டியல் வந்தது. கீழ்த்தாடையின் நீளம், அதாவது செவிக்கு முன்னுள்ள மூட்டின் முனையிலிருந்து மோவாயின் முனை வரையுள்ள தொலைவு, சென்ற ஆண்டு 108 மில்லிமீட்டர். இவ்வாண்டு 118 மில்லிமீட்டர். ஓராண்டில் 10 மில்லிமீட்டர் வளர்ச்சி. தாடை விரைந்து வளர்கின்றதென்றும், இப்போது கிளிப் போடுவதிற் பயனில்லை என்றும், பதினெட்டு வயதிற்கு மேல் அறுவைச் சிகிச்சையைப் பற்றி முடிவு செய்யலாம் என்றும், நேரில் வந்து மருத்துவரைக் காணுமாறும் தொலைபேசியில் உதவியாளர் கூறினார். மருத்துவர் வெளியூர் சென்றிருந்தமையால் பன்னிரண்டு நாள் கழித்தே அவரைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது.

அன்றிரவு எங்கள் வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை. எலும்பை அறுப்பது என்னும் சொல்லைக் கேட்ட அன்னையார் சமையலறையினின்று வெளிவரவேயில்லை. தந்தையார் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தையும் புரட்டாமல் அமர்ந்திருந்தார். தங்கை அழவில்லை. “இன்னும் மூன்று வருடந்தானே, அண்ணா” என்று மட்டும் சொன்னாள். அடுத்த ஞாயிறு அவள் பாடற்குழுவிற்குச் செல்லவில்லை. தலைவலி என்றாள், எவரும் வற்புறுத்தவில்லை.

விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பினேன். மனம் அமைதியுறாமையால் இத்துறையைப் பற்றி நூலகத்தில் கிடைத்தவற்றைப் படிக்கலானேன். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் என்னும் பேராசிரியர் எக்ஸ் கதிர்களைக் கண்டது 1895-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில். அவ்வாண்டு டிசம்பரிலேயே தம் மனைவியின் கையை, விரலிலிருந்த மோதிரத்துடன், அவர் படமெடுத்தார். ஆயினும் எலும்பைக் காண்பது வேறு, எலும்பை அளப்பது வேறு. தலை ஒவ்வொரு முறையும் சிறிது வேறுவிதமாகத் திரும்பியிருப்பின், அல்லது கதிர் தோன்றும் இடம் சிறிது தள்ளியிருப்பின், ஒருவருடைய இரு படங்களை ஒப்பிடுதல் இயலாது. இக்குறையைத் தீர்த்தவர் இருவர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹாலி பிராட்பெண்ட் என்பாரும், ஜெர்மனியில் ஹாஃப்ராத் என்பாரும் ஒருவரையொருவர் சாராமல் 1931-ஆம் ஆண்டில் தத்தம் முறையை வெளியிட்டனர்.

பிராட்பெண்ட் முதலில் உலர்ந்த மண்டையோடுகளை அளந்து பழகியவர். உயிரற்ற எலும்பை ஒரு தாங்கியில் இறுகப் பொருத்தி அளக்கலாம். உயிருள்ள குழந்தையின் வளர்ச்சியை ஆண்டுதோறும் அவ்வாறு அளப்பது எங்ஙனம் என்பதே அவர்தம் வினா. மண்டையோட்டைத் தாங்கிய கருவியைப் போன்றே உயிருள்ளவர் தலைக்கும் ஒரு தாங்கியை அவர் அமைத்தார். செவித்துளைகளில் கோல்கள் பொருந்தின; கதிர் தோன்றும் இடத்திற்கும் தலையின் நடுத்தளத்திற்கும் இடையே 5 அடி என்று தொலைவு வரையறுக்கப்பட்டது. என் தங்கை சிலைபோல் நின்ற அந்தத் தாங்கி இதன் வழிவந்ததே.

தொலைவை இத்துணை வற்புறுத்துதல் ஏன் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. பௌதிகம் பயிலும் விடுதி நண்பர் ஒருவர் விளக்கினார். இரவில் அறையின் விளக்கை அணைத்து, கைப்பேசியின் சிறுவிளக்கை மேசைமேல் வைத்து, தம் கையைச் சுவருக்கு முன்னே நீட்டினார். கையைச் சுவரை ஒட்டி வைத்தபோது நிழல் கையளவே இருந்தது; விளக்கை நோக்கிக் கொணரக் கொணர நிழல் பெருத்தது. “எக்ஸ்ரே படம் என்பது நிழல்தான். விளக்கிலிருந்து சுவர் வரையுள்ள தொலைவை, விளக்கிலிருந்து கை வரையுள்ள தொலைவால் வகுத்தால், நிழல் எத்தனை மடங்கு பெரிது என்பது தெரியும்” என்றார் அவர்.

அக்கணக்கை யாமிருவரும் தாளில் இட்டுப் பார்த்தோம். 5 அடி என்பது 152.4 சென்டிமீட்டர். தலையின் நடுத்தளத்திலிருந்து 15 சென்டிமீட்டர் அப்பால் படத்தட்டு இருப்பதாகக் கொள்வோம். மொத்தத் தொலைவு 167.4. இதனை 152.4-ஆல் வகுப்பின் 1.098 வரும். அஃதாவது 100 மில்லிமீட்டர் எலும்பு படத்தில் ஏறத்தாழ 110 மில்லிமீட்டராகத் தோன்றும். படத்தட்டு 10 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பின் அதே எலும்பு 107 மில்லிமீட்டர்க்குச் சிறிது குறைவாகத் தோன்றும். கருவி மாறின், அல்லது தட்டு நகரின், வளராத எலும்பும் வளர்ந்ததாகத் தோன்றும் என்பது அப்போதே எங்களுக்குப் புலனாயிற்று. அஃதன்றியும், தலையின் இருபுறமும் ஒரே அளவிற் பெருப்பதில்லை. கதிரின் பக்கமுள்ள தாடை மிகுதியாகவும், தட்டின் பக்கமுள்ள தாடை குறைவாகவும் பெருக்கும். பக்கவாட்டுப் படத்தில் கீழ்த்தாடையின் விளிம்பு பெரும்பாலும் இரட்டைக் கோடாகத் தெரிவதற்கு இஃதொரு காரணம்.

பின்னர் நண்பர் கண்ணாடி போன்ற என் பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்துத் தம் கைக்கு அருகே அதே தொலைவிற் பிடித்தார். சுவரில் கையின் நிழலும் பெருத்தது. அளவுகோலின் கோடுகளும் அவ்விகிதமே அகன்றன. “இப்போது என் விரலின் நிழலை அளவுகோலின் நிழலால் அள, விரலின் உண்மை அளவு கிடைக்கும். விளக்கு எங்கே, சுவர் எங்கே என்று நீ அறிய வேண்டியதில்லை” என்றார்.

யான் வாய்மூடி நின்றேன். மூக்கைத் தாங்கிய கோலில் தொங்கிய உலோக அளவுகோல் என் கண்முன் வந்தது. முகத்தின் நடுத்தளத்திலேயே அது வைக்கப்பட்டிருந்தது. நடுத்தளத்து எலும்பு எத்துணை பெருக்குமோ அத்துணையே அதுவும் பெருக்க வேண்டும் என்பதற்காகவே அவ்விடம். ஏணிப்படி போன்ற அவ்வெண்கோடுகளை வெட்டியெறிந்தவன் யான்.

அப்பொழுதும் என் பிழை கணக்கைக் கெடுத்திருக்கும் என்று யான் உறுதியாக நம்பவில்லை. வெறும் அச்சமாகவே இருந்தது. இரண்டு அளவைப் பட்டியல்களையும் எடுத்து அருகருகே வைத்தேன். ஒரு பாட்டின் இரு சுவடிகளை வரிக்கு வரி ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காணும் பயிற்சி எங்களுக்கு வகுப்பில் உண்டு. அம்முறையையே இங்கும் கைக்கொண்டேன். அதுவரை வீட்டார் அனைவரும் கீழ்த்தாடை என்னும் ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்திருந்தோம். ஏனைய வரிகளை ஒருவரும் நோக்கவில்லை.

அவ்வரிகளுள் ஒன்று செல்லா முதல் நாசியான் வரையுள்ள நீளம். பிட்யூட்டரிச் சுரப்பி தங்கும் எலும்புக் குழியின் நடு செல்லா எனப்படும். நெற்றியெலும்பும் மூக்கெலும்பும் கூடுமிடம் நாசியான். மூளைக்கு அடியிலுள்ள இவ்வெலும்பின் உட்பகுதி ஏறத்தாழ ஏழு வயதளவில் வளர்ச்சி முற்றுப்பெறும் என்றும், பின்னர் நாசியான் மட்டுமே ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் சிறிது சிறிதாக முன்செல்லும் என்றும் நூல்களிற் படித்திருந்தேன். ஆதலினாலேயே பற்சீரமைப்பு மருத்துவர் இதனை மாறாத அடிப்படைக் கோடாகக் கொள்கின்றனர். என் தங்கையின் பட்டியலில் அந்நீளம் சென்ற ஆண்டு 66, இவ்வாண்டு 72. வளரக்கூடாத எலும்பு 6 மில்லிமீட்டர் வளர்ந்திருந்தது.

கீழ்த்தாடையின் நீளத்தை இந்நீளத்தால் வகுத்துப் பார்த்தேன். சென்ற ஆண்டு 108-ஐ 66-ஆல் வகுக்க 1.64. இவ்வாண்டு 118-ஐ 72-ஆல் வகுக்க, அதுவும் 1.64. கோணங்களை நோக்கினேன். நாசியானிலிருந்து மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இரு கோடுகள் இழுத்து, அவற்றின் இடையேயுள்ள கோணத்தை அளப்பர். 1953-ஆம் ஆண்டில் ஸ்டைனர் என்பார் வகுத்த முறையில் இதன் இயல்பளவு 2 பாகை. கீழ்த்தாடை முந்தி நிற்பின் இது மறைக்குறி பெறும். தங்கைக்குச் சென்ற ஆண்டும் மறை 2. இவ்வாண்டும் மறை 2. மேல்தாடை அவ்வாறே நிற்கக் கீழ்த்தாடை மட்டும் ஒரு சென்டிமீட்டர் முன்வளர்ந்திருப்பின் இக்கோணம் அசையாதிருத்தல் அரிது. நிழல் பெருத்தாலும் சிறுத்தாலும் கோணம் மாறுவதில்லை. இரு நீளங்களின் விகிதமும் மாறுவதில்லை. நீளம் ஒன்றே அளவுகோலை நம்பி நிற்பது.

மருத்துவரைக் காணும் நாளில் நேரே நகரத்திற்குச் சென்று வீட்டாருடன் சேர்ந்துகொண்டேன். மருத்துவம் அறியாத இளைஞன் ஒருவன் மருத்துவரின் கணக்கைத் திருத்துவது மிகையாகுமோ என்னும் தயக்கம் இருந்தது. ஆயினும் பட்டியல்கள் இரண்டையும் அவர் மேசைமேல் வைத்து, “டாக்டர், இந்த வரியும் வளர்ந்திருக்கின்றதே, அது எப்படி?” என்று மட்டும் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு நோக்கினார். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பின்னர்க் கணினியில் படத்தைத் திறந்து, அதன் நான்கு ஓரங்களையும் உற்றுப் பார்த்தார்.

“தம்பி, இதில் இருந்த ஸ்கேல் எங்கே?”

யான் தலைகுனிந்து உண்மையைச் சொன்னேன். அன்னையார் என்னை நோக்கியது இன்றும் நினைவிலுள்ளது. அவர் சினக்கவில்லை, விளங்காமல் நோக்கினார். அஃது எனக்கு இன்னும் கடினமாயிருந்தது.

நல்லூழாக, நிலையத்தார் அனுப்பிய மூலப்படம் என் மின்னஞ்சலில் அப்படியே இருந்தது. அதனை மருத்துவர் தம் கணினியில் இறக்கி, எங்கள் கண்முன்னே புதிதாக அளக்கத் தொடங்கினார். கணினிக்கு மில்லிமீட்டர் தெரியாது என்றார் அவர். அதற்குத் தெரிந்தது பிக்சல் எனப்படும் சிறு புள்ளிகளின் எண்ணிக்கை மட்டுமே. ஒரு புள்ளி எத்தனை மில்லிமீட்டர் என்பதை ஒவ்வொரு படத்திற்கும் நாமே கற்பிக்க வேண்டும். படத்திலுள்ள அளவுகோலின் ஒரு கோட்டில் ஒரு குறியும், 40 மில்லிமீட்டர் தள்ளியுள்ள கோட்டில் மற்றொரு குறியும் வைத்து, இவற்றின் இடையே 40 மில்லிமீட்டர் என்று அவர் எழுதினார். இடையில் 400 புள்ளிகள் இருந்தன. ஆகவே ஒரு புள்ளிக்கு 0.1 மில்லிமீட்டர். படம் பெருத்ததனால் வந்த மிகையும், கணினிப் புள்ளிகளின் வேறுபாடும் இந்த ஒரு செயலால் ஒருங்கே நீங்கிவிடுகின்றன.

அடுத்தடுத்த இரு கோடுகளைக் குறித்தால் போதாதா என்று தந்தையார் வினவினார். மருத்துவர் அவ்வினாவை விரும்பினார் போலும். குறி வைக்கும்போது கை இரண்டு புள்ளிகள் தவறுவது எளிது. 10 மில்லிமீட்டர், அதாவது 100 புள்ளிகளை வைத்து அளந்தால் அத்தவறு நூற்றுக்கு 2. கீழ்த்தாடையின் நீளத்தில் அது 2 மில்லிமீட்டருக்கு மேல் ஆகிவிடும். 400 புள்ளிகளை வைத்து அளந்தால் அதே தவறு நூற்றுக்கு அரை. தாடையில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரோடு நின்றுவிடும். ஆதலின் அளவுகோலில் எத்துணை நீளம் தெளிவாகத் தெரிகின்றதோ அத்துணையையும் பயன்படுத்த வேண்டும் என்றார். அளவுகோல் நடுத்தளத்தில் இல்லாமல் படத்தட்டின் மீது ஒட்டப்பட்டிருப்பின், அது பெருக்காது. அதனைக்கொண்டு அளந்தால் எலும்பின் மிகை நீங்காமல் நின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

பின்னர் எலும்பின் குறிகளை ஒவ்வொன்றாக வைத்தார். செல்லா முதல் நாசியான் வரை 66.5. கீழ்த்தாடை 109. ஓராண்டு வளர்ச்சி 10 மில்லிமீட்டர் அன்று, ஒன்று. யான் வெட்டியெறிந்த கீழ்ப்பகுதியிலிருந்த கழுத்தெலும்புகளையும் அவர் சுட்டிக் காட்டினார். அவற்றின் வடிவத்தைக் கொண்டு வளர்ச்சி எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை ஓரளவு கணிக்கலாமாம். அவையும் வளர்ச்சி முடியுந் தறுவாயில் உள்ளதையே காட்டின.

நடந்தது என்ன என்பது அப்போது தெளிவாயிற்று. அளவுகோல் இல்லாத படத்தைப் பெற்ற உதவியாளர், சென்ற ஆண்டுப் படத்தில் ஒரு புள்ளிக்கு இருந்த மில்லிமீட்டர்க் கணக்கையே இதற்கும் இட்டுவிட்டார். படமெடுத்த கருவி வேறு. யான் வெட்டி அனுப்பியபோது செயலி படத்தின் புள்ளிகளையும் தன் விருப்பம்போல் மாற்றியிருந்தது. ஒரு படத்தின் மரக்காலால் மற்றொரு படத்தின் நெல்லை அளந்தது போலாயிற்று. எல்லா நீளங்களும் நூற்றுக்கு எட்டு வீதம் மிகுந்து நின்றன.

“பிழை என்னுடையது, டாக்டர்” என்றேன்.

“பாதி உன்னுடையது, தம்பி. ஸ்கேல் இல்லாத படத்தைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டியது நாங்கள். மீதிப் பாதி எங்களுடையது” என்றார் அவர். உதவியாளரை அழைத்து எங்கள் முன் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் ஒரு தாளை எடுத்து, அளவுகோல் தெரியாத படத்தை அளத்தலாகாது என்று எழுதிக் கணினியின் அருகே ஒட்டினார். தம் இடத்தின் குறையை ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட அப்பண்பை யான் மறக்கற்பாலன் அல்லேன்.

அதன்பின் அவர் தங்கையை நோக்கி, தாடைகளின் வேறுபாடு சிறிதே என்றும், வளர்ச்சி பெரும்பாலும் ஓய்ந்துவிட்டமையால் இப்பொழுதே கிளிப் போடத் தொடங்கலாம் என்றும் கூறினார். தாடை எலும்பு உள்ளவாறே இருக்கும். பற்கள் மட்டும் நகரும். முகத்தின் தோற்றம் முற்றும் மாறிவிடும் என்று எண்ணலாகாது. சிறிது வளர்ச்சி இன்னும் எஞ்சியிருத்தல் கூடுமாதலின் இடையிடையே மறுபடியும் பார்க்க வேண்டும் என்பவற்றையும் மறைக்காமல் சொன்னார். தங்கை, “சரி, டாக்டர்” என்று சொல்லிவிட்டு, கையால் வாயை மறைக்காமல் நகைத்தாள். பன்னிரண்டு நாட்களில் அதுவே முதல் நகைப்பு.

திரும்பும் வழியில் பேருந்தில் யான் இதனையே எண்ணிக்கொண்டு வந்தேன். நம் முன்னோர் அறிவு பெறும் வாயில்கட்கே அளவை என்று பெயரிட்டனர். எழுத்தின் ஒலியை அளக்கப் புகுந்த தொல்காப்பியரும் வெறும் எண்ணைச் சொல்லி நிறுத்தவில்லை. கண்ணிமைப்பொழுதையும் கைந்நொடிப்பொழுதையும் மாத்திரைக்கு அளவாக வைத்தார். கேட்போர் எவரும் தம் கண்ணாலும் கையாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். எண்ணுக்குப் பக்கத்தில் அந்த எண் எதனால் அளக்கப்பட்டது என்பதும் நிற்றல் வேண்டும். இதனை வகுப்பிற் பல முறை படித்தும், தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றும், ஒரு படத்தின் ஓரத்தில் கண்டபோது யான் அறிந்துகொள்ளவில்லை.

யான் வெட்டியது தீய எண்ணத்தால் அன்று. அழகு கருதி வெட்டினேன். அதுவே என்னை மிகவும் வருத்துகின்றது. படத்தில் முகமே பொருள், ஏனையவை குப்பை என்று முடிவு செய்ய எனக்கு என்ன தகுதி இருந்தது? எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அறியாதவன் ஒன்றையும் நீக்காதிருத்தலே நன்று. பழஞ்சுவடியைப் படியெடுப்போர்க்கு எங்கள் ஆசிரியர் முதல் நாளிற் சொல்லும் அறிவுரையும் இதுவே.

சென்ற திங்கள் எங்கள் துறையில் ஓலைச்சுவடி சிலவற்றைப் படமெடுத்தோம். படம் எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒவ்வோர் ஓலையின் அருகிலும், ஓலை கிடந்த அதே மட்டத்தில், ஒரு சிறிய அளவுகோலை வைத்தேன். முதலாண்டு மாணவர் ஒருவர், “அந்த ஸ்கேல் படத்தின் அழகைக் கெடுக்கின்றதே, அண்ணா, பிறகு வெட்டிவிடலாமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காரணத்தை அப்போது விரித்துச் சொல்ல நேரமில்லை. அவர் இக்கட்டுரையைப் படிப்பாராக.

தங்கைக்குக் கிளிப் போட்டு இப்போது எட்டு மாதம் ஆகின்றது. கீழ்ப்பற்களும் மேற்பற்களும் ஒன்றையொன்று நேர்முனையில் தொடும் நிலைக்கு வந்துள்ளன. கம்பியில் உணவு சிக்குவதைப் பற்றி ஓயாமல் முறையிடுகின்றாள். சென்ற ஞாயிறு ஆலயத்தில் அவள் முன்வரிசையில் நின்றாள். பாட்டுப் புத்தகம் மார்பளவில் இருந்தது.